கிழக்கறைக்கு வந்த கடல்

எந்தத் திசையில் நடந்தாலும் நான்கு நாளைக்குக் குறையாமல் கடலைக் காண முடியாத திருச்சிராப்பள்ளியில், ஐப்பசி மாதத்து முதற் சனிக்கிழமை காலை, பொன்னி அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குஞ்சிதபாதம் குடியிருந்த வீட்டின் கிழக்கறையில் சன்னல் இல்லாமற்போயிற்று. சன்னல் இருந்த இடத்தில் வெண்ணிறச் சுவர் நின்றது. பழைய மரக்கட்டில் போய், வெள்ளை விரித்த இரண்டு ஒடுக்கமான கட்டில்கள் அருகருகே கிடந்தன. பூசை மாடம் மட்டும் தன் இடத்தை விடாமல் இருந்தது. தரையோ, குழந்தை உறங்கிய பின்னும் தொட்டிலிலிருந்து கையை எடுக்க மனமில்லாத தாய் ஆட்டுவதைப் போல, மிக மெல்ல அசைந்துகொண்டிருந்தது. முக்கொம்பில் காவிரியின் நீர்மட்டத்தை முப்பத்தோராண்டு நாள் தவறாமல் அளந்து எழுதி ஓய்வு பெற்றவரும், நீர் ஏறும் இறங்கும், நம் வேலை குறித்துக்கொள்வது மட்டுமே என்று அறிந்தவருமாகிய குஞ்சிதபாதம், எழுபத்திரண்டு வயதில் இதற்காகத் திகைக்கவில்லை. முந்தின மாலை பயண முகமையிலிருந்து ரெஜினா என்ற பெண் தொலைபேசியில் சொன்னதை நினைத்துக்கொண்டார்.

"சார், கப்பல் நீங்க முன்னாடியே பார்த்து வச்சதுதான். வர்ற ஆனி மாசம் கிளம்புது. அறைதான் பாக்கி. சன்னல் இல்லாத உள்ளறை, வட்டச் சன்னல் வச்ச அறை, பால்கனி அறைன்னு மூணு வகை. ஒவ்வொண்ணா உங்க பேர்ல பிடிச்சு வைக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல வச்சிருக்க விடமாட்டாங்க."

"பிடிச்சு வைக்கிறதுன்னா என்னம்மா?"

"அதுவரைக்கும் அந்த அறை உங்களோடது சார். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் நடந்திருந்தது.

"அப்புறம் சார், எத்தனை பேர்? பழைய விசாரிப்புல ரெண்டு பேர்னு இருக்கு" என்றும் அவள் கேட்டிருந்தாள். தொலைபேசியில் நெடுநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டபின், "சரி சார், ரெண்டுன்னே வச்சுக்கறேன், வெள்ளிக்கிழமை உறுதி பண்ணிக்கலாம்" என்று அவளே முடித்துக்கொண்டாள்.

அந்தப் பழைய விசாரிப்பு மூன்றாண்டுக்கு முந்தியது. வடகடலுக்குச் செல்லும் இரண்டு கப்பல்களின் படங்களை அவர் மனைவி சௌந்தரநாயகி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மார்கழி முழுவதும் பார்த்தாள். ஒன்று, பத்தொன்பது தளமும் நான்காயிரம் பேரும் நீச்சற்குளங்களும் கொண்டு ஒரு நகரத்தைப் போல் நின்றது. மற்றொன்று ஐந்நூறு பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு, மலைகளுக்கிடையே கடல் ஒற்றையடிப் பாதையாகக் குறுகும் இடங்களிலெல்லாம் நுழைந்து, சிற்றூர்களுக்குத் தபால் மூட்டைகளை இறக்கிச் செல்வது. "அவ்வளவு பெரிய கப்பல்ல ஏறினா கடல் எப்படிங்க தெரியும்?" என்று சொல்லி, புதிதாக வாங்கும் எதற்கும் வைப்பதைப் போலச் சிறிய கப்பலின் முகப்பில் மஞ்சள் தொட்டு வைத்தாள். "கப்பலை நான் சொல்லிட்டேன். எந்த அறைன்னு நீங்க சொல்லுங்க" என்றாள். அவர் தைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு பங்குனிக்குப் பிறகு என்றார். அந்த மார்கழியிலிருந்து எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன் பின்னும் குஞ்சிதபாதத்தின் வாழ்வில் எண்ணிக்கை குறையவில்லை. பால் இரண்டு பொட்டலம் வந்தது. குடும்ப அட்டையில் இரண்டு பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தெருக்கோடிச் சிவன் கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டி, "குஞ்சிதபாதம், திருவாதிரை, சௌந்தரநாயகி, அனுஷம்" என்று சொன்னார். இருப்பவர்க்கன்றோ நட்சத்திரம் சொல்வது? அது குருக்களுக்கும் தெரியும், பூக்கட்டும் பெண்ணுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தியில் விளக்கேற்றுவது மட்டும் அவள் கையிலிருந்து அவர் கைக்கு மாறியது. நாற்பத்து மூன்றாண்டு இல்லறத்தில், விளக்கு வைக்கும் வேளையில் அவர் வீட்டுக்கு வெளியே இருந்ததில்லை, இப்போதும் இருந்ததில்லை.

சனிக்கிழமை நண்பகலில் கிழக்கறைச் சுவரில் முன்பு இல்லாத கதவொன்று தட்டப்பட்டுத் திறந்தது. நரைத்த மீசையும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, கை நிறையத் துண்டுகளோடு ஒருவர் உள்ளே வந்தார்.

"வணக்கம் சார். பெலார்மின். குளச்சல். இந்தத் தளத்துக்கு நான்தான் அறைப் பணியாள். இருபத்தாறு வருசமா கடல்லதான் கெடக்கேன். எதுவும் வேணும்னா ஒரு விளி விளிச்சாப் போதும், கேட்டீங்களா?"

"விளக்கு ஏத்தலாமா?" என்று குஞ்சிதபாதம் கேட்டார்.

பெலார்மின் பூசை மாடத்தைப் பார்த்தார். பித்தளை விளக்கைப் பார்த்தார். "அது மட்டும் கேக்காதீங்க சார். கப்பல்ல தீ கூடாது. மத்தபடி சாமி இருக்கட்டும், நான் தொடைச்சு வைக்கேன்."

அவர் இரண்டு கட்டிலையும் விரித்து, துண்டுகளை முறுக்கியும் மடக்கியும் இரண்டு அன்னங்களைச் செய்து, ஒன்றன் அலகை மற்றொன்று தொடுமாறு வைத்துவிட்டு, வந்த வழியே போனார். அன்று அந்தி கிழக்கறைக்குள் வரவில்லை. சன்னலில்லாத அறைக்குள் அந்தி எவ்வழியே வரும்? விளக்கு ஏற்றப்படாமல் நின்றது.

அடுக்ககத்தார் இச்செய்தியைத் தண்ணீர் லாரி வந்த செய்தியைப் போல ஏற்றுக்கொண்டனர். யாருக்கு எவ்வளவு என்பதே அவர்கள் கேள்வியாயிருந்தது. பதினெட்டு வீட்டுக்கும் சங்கச் செயலாளராகிய ஜபருல்லா, வங்கியில் மேலாளராயிருந்து ஓய்வு பெற்றவர், முதலில் வந்து தரையின் ஆட்டத்தைக் காலால் சோதித்து, "அண்ணே, கீழ்வீட்டுக் கூரைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று மட்டும் கேட்டார். ஆகாது என்று தெரிந்தபின், ஆலையில் இரவுப்பணி முடித்து வருகிறவர்கள் அந்தக் கெட்டி இருட்டில் வந்து பகலெல்லாம் உறங்கினர். இரண்டாம் மாடியில் நாற்பது நாளாய்க் கண்மூடாத கைக்குழந்தையைக் கொண்டுவந்து கிடத்த, அது தரையின் ஆட்டத்தில் ஒன்பது மணிநேரம் உறங்கி எழுந்து ஊரையே முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தது.

திங்களன்று சுவரில் ஒரு வட்டச் சன்னல் தோன்றியது. அது திறவாத சன்னல். கண்ணாடிக்கு அப்பால் ஈயம் காய்ச்சி ஊற்றியது போன்ற கடலும், பாசி படிந்த மலைகளும், எப்போதாவது ஒரு சிவப்பு வீடும் நகர்ந்து சென்றன. பிள்ளைகள் வரிசையில் நின்று, ஆளுக்கு நூறு எண்ணும் வரை பார்த்தனர். ஜபருல்லா சுற்றறிக்கை ஒட்டினார்: கடலைக் காண வருவோர் காலணியைப் படிக்கட்டில் கழற்ற வேண்டும் என்றும், கண்ணாடியில் மூக்கை அழுத்த வேண்டாம் என்றும் அதில் இருந்தது. சூரியன் அந்தக் கடலின் விளிம்பில் வந்து, தாழ்ந்து, தொடாமலே மீண்டும் ஏறிற்று. அந்தி வரவில்லை.

புதனன்று சுவரே விலகிப் பால்கனி வந்தது. பொன்னி அடுக்ககத்தின் பெருவாழ்வும் அன்றுதான் தொடங்கியது. தீபாவளிக்கு எட்டு நாளே இருக்க, வெளியே ஒரு வாரமாக ஐப்பசி அடைமழை; முறுக்குக்கு ஊறவைத்து இடித்த அரிசிமாவு எந்த வீட்டிலும் உலரவில்லை; பள்ளிச் சீருடைகள் மின்விசிறியின் கீழ் நாறின. இங்கோ, கப்பல் புறப்படப்போகும் ஆனி மாதத்துச் சூரியன், கடுமையில்லாமல், மறைவுமில்லாமல், இருபத்துநான்கு மணிநேரமும் எரிந்துகொண்டிருந்தது. முதல் மாடித் தையல்நாயகி வெள்ளை வேட்டியை விரித்து மாவைக் கொட்டினாள். அவளைப் பின்பற்றிப் பதினொரு வீட்டு மாவு வந்தது. கம்பியெங்கும் சட்டைகள் காய்ந்தன. காக்கை இல்லாத வெயில் என்று மகிழ்ந்தவர்கள், காக்கையினும் நாணமற்ற பெரிய வெள்ளைப் பறவைகள் அங்கே உண்டென்று அறிந்தபின் முறைவைத்துக் குச்சியோடு காவலிருந்தனர். தையல்நாயகியின் மாமியார் சூரியன் மறைந்தபின் உண்பதாக விரதமிருந்து, அந்த அறையில் காத்திருந்து காத்திருந்து மயங்கி விழுந்தாள். கீழே கொண்டுபோய் மழையைக் காட்டிய பிறகே கஞ்சி குடித்தாள்.

"நம்ம மஃரிப் தொழுகை நேரமும் இந்த வீட்ல வராது போலிருக்கே" என்று ஜபருல்லா சிரித்தார். "அண்ணே, பால்கனியையே சொல்லிடுங்க. யோசிக்கவே வேணாம். கடல் பொது இடமா, உங்க வீட்டுக்குள்ள அடக்கமாங்கறதை அடுத்த பொதுக்குழுவுல பேசிக்கலாம்."

"ஆமாங்கண்ணா, பால்கனிதான்" என்றாள் தையல்நாயகி, குச்சியை ஓங்கிக்கொண்டே. "அண்ணி இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாங்க."

கூட்டம் அவ்வீட்டில் என்றுமில்லாதபடி நிறைந்திருந்தது. அதனாலேயே குஞ்சிதபாதம் தம் வீட்டில் தமக்கு நிற்க இடமின்றி, சமையலறை வாசலில் நின்றார். இத்தனை பேர் நடந்தும் ஒருவர் காலடியும் தமக்காக வந்ததில்லை என்பதையும், நெடுநாள் அளந்த பழக்கத்தால், அவர் குறித்துக்கொண்டார். ஏற்றாத விளக்கின் திரி காய்ந்திருந்தது. விளக்கு வேளையில் வரும் சௌந்தரநாயகி, அந்தி வராத வீட்டில் எந்த வேளையில் வருவாள் என்று அவர் எவரையும் கேட்க இயலவில்லை.

வியாழக்கிழமை, மாவுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நண்பகலில், பெலார்மின் வந்து கட்டில் விரித்தார். ஒரு விரிப்பை எடுத்து உதறினார். மற்றொன்றின் மேல் கையை வைத்தவர், எடுக்காமல் நின்றார்.

"ஆறு நாளா ரெண்டு கட்டிலும் விரிக்கேன் சார். இது ஒரு நாளும் கசங்கல்லையே."

"அவ அசையாமத் தூங்குவா" என்றார் குஞ்சிதபாதம்.

பெலார்மின் தலையணையைத் தட்டி வைத்தார். "சரிதான் சார். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதீங்க. குளச்சல்ல எங்க வீட்டுல எனக்கும் ஒரு கட்டில் கெடக்கு. வருசத்துல பத்து மாசம் அதுல ஆளில்ல. எம் பொண்டாட்டி நித்தம் அதை விரிச்சு வைப்பா. போன தடவை போனப்ப சொன்னா, 'இனி விரிக்க மாட்டேன், நீங்க வரும்போது விரிக்கேன், கசங்காத கட்டிலை விரிக்கிறதுதான் ஒடம்புக்கு முடியல்ல'ன்னு." துண்டை முறுக்கி அன்னத்தின் கழுத்தைச் செய்தார். "அவ விரிக்கல்லன்னா நான் இல்லாமப் போயிருவேனா சார்? நான் இங்கதானே இருக்கேன்."

இரண்டு அன்னங்களையும் வைத்துவிட்டு அவர் போன பிறகு, குஞ்சிதபாதம் கசங்காத கட்டிலின் ஓரத்தில் முதன்முறையாக உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் குழிந்தது. எழுந்ததும் அதைக் கையால் நீவிச் சமன் செய்தார்.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்குக் கோயில் நடை திறந்தது. மழையில் நனைந்த கல்லின் மேல் வெறுங்காலோடு நடந்து, கோபுரத்தையும் கொடிமரத்தையும் கடந்து, நூற்றுக்கால் மண்டபத்தைக் கடந்து, ஒன்றினுள் ஒன்றாகச் சுருங்கும் வாயில்களையெல்லாம் கடந்து, அவர் கருவறைக்கு நேரே நின்றார். அறுபதாண்டாக நின்ற இடந்தான். ஆனால், ஒரு வாரமாக அறைகளையே எண்ணிக்கொண்டிருந்த கண்ணுக்கு, அறுபதாண்டு காணாதது அன்று தெரிந்தது. வானளாவக் கோபுரமும், காற்று உலாவ மண்டபமும், நீர் அலையக் குளமும் தமக்கென்று இருந்தும், இவ்வளவுக்கும் உடையவர் தமக்கு வைத்துக்கொண்டது உள்ளறை. அதற்குச் சன்னல் இல்லை. வெயிலும் கடலும் இல்லை. ஒரே ஒரு சுடர். அடியார் கூட்டம் எத்தனை வந்தாலும் உள்ளே ஒருவர்தான்.

அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மன் சந்நிதி ஒரு பிராகாரத் தூரத்தில், தனி வாயிலோடு, தனிச் சுடரோடு இருந்தது. அவளுக்கும் உள்ளறை, அவளுக்கும் சன்னல் இல்லை. இவ்விருவரும் பிரிந்தவர் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார் சோமாஸ்கந்த குருக்கள், தட்டை வாங்கிக்கொண்டு.

"குஞ்சிதபாதம், திருவாதிரை."

குருக்கள் நின்றார். ஈராண்டும் மூன்று மாதமுமாக வெள்ளிதோறும் அடுத்து வரும் பெயருக்கு இடம் விட்டே பழகிய காது அது. மேலே நனைந்த வௌவால் ஒன்று சிறகை உதறியது.

"ஒண்ணுதானா?"

முக்கொம்பில், ஆறு முற்றும் வறண்ட கோடைகளில், அளவுகோலின் அடிக்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏட்டில் சுழியம் எழுத வேண்டிய காலைகளில்கூட, அவருக்கு ஓர் எண் இவ்வளவு கனத்ததில்லை.

"ஒண்ணுதான் சாமி."

குருக்கள் தலையை அசைத்தார். உள்ளே திரும்பப் போனவர், தாழ்ந்த குரலில், "அந்தப் பேரை இத்தனை நாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லே. மனசுக்குள்ளதான் சொன்னேன். ஸ்வாமி தப்பா எடுத்துண்டிருக்க மாட்டார்" என்றார். பிறகு உள்ளறையின் இருளுக்குள் போய்ச் சுடர் காட்டினார்.

காலணி விடும் இடத்தில், கூரையிலிருந்து ஒழுகும் நீருக்குத் தோளை ஒதுக்கிக்கொண்டு, ஐந்தேகால் மணிக்கு ரெஜினாவை அழைத்தார்.

"உள்ளறைம்மா. ஒருத்தர்."

"சார், பால்கனியை விட்டுட்டா அப்புறம் கிடைக்காது. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. உள்ளறையில சூரியனே தெரியாதே!"

"சூரியனைப் பார்க்க மேல்தளம் இருக்கும்மா. அந்த ஊர்ல அந்தி கிடையாதாமே. உள்ளறைன்னா, விளக்கை அணைச்சா எனக்கு அந்தி. அது போதும்."

"ஒருத்தர்னு போட்டுடட்டுமா சார்?"

"போடும்மா."

அவர் வீட்டுப் படியேறும்போதே கூச்சல் கேட்டது. மூன்றாம் மாடியில், தையல்நாயகி மாவு வேட்டியை நான்கு மூலையும் பிடித்துக்கொண்டு, கடல் இருந்த இடத்தில் எழுந்துவிட்ட பழைய சுவரையும் பழைய சன்னலையும் பார்த்து நின்றாள்.

"அண்ணா, ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? மாவு இன்னும் ஈரமா இருக்கு!"

"உள்ளறைன்னு சொல்லிட்டேன்மா. பிடிச்சு வச்சதெல்லாம் அதோட முடிஞ்சுது" என்றார் குஞ்சிதபாதம்.

"உள்ளறையா எடுத்தீங்க?" என்று ஜபருல்லா தலையில் கை வைத்தார். "அண்ணே, கஞ்சத்தனத்துக்கும் ஒரு கணக்கு வேணாமா?"

"எம் பையன் சட்டை ஒண்ணு அந்தப் பக்கமே போயிடுச்சு" என்று யாரோ படிக்கட்டிலிருந்து சொன்னார்கள். வெள்ளைப் பறவைக்கு ஓங்கிய குச்சி ஒன்று தரையில் கிடந்தது. எவரும் அவர்மேல் நெடுநேரம் சினக்கவில்லை. அடுத்த தெருவில் மாவு உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவனைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கிப் போயினர். ஜபருல்லா மட்டும் வாசலில் நின்று திரும்பி, "கப்பல்ல தனியாவா போறீங்க?" என்று கேட்டார். குஞ்சிதபாதம் ஆம் என்று தலையசைத்தார். ஜபருல்லா அவர் தோளைத் தொட்டார். சுற்றறிக்கையைக் கிழித்துக்கொண்டு போனார்.

கிழக்கறையில் பழைய மரக்கட்டில் திரும்பி வந்திருந்தது. அதன் மேல் துண்டால் மடித்த அன்னம் ஒன்று இருந்தது. ஒன்றுதான்.

அவர் திரியை மாற்றி எண்ணெய் விட்டு உட்கார்ந்தார். அப்போது, ஒரு வாரமாக அந்த அறையின் வாசலில் காத்திருந்த அந்திகள் உள்ளே வந்தன. சனிக்கிழமையின் அந்தி முதலில், மாந்தளிர் நிறமாய், சன்னல் வழியே நுழைந்து சுவரில் ஏறி மங்கியது, அவர் விளக்கேற்றினார், அது கடந்ததும் அறை மீண்டும் வெளுத்தது, பூவால் சுடரைக் குளிரவைத்தார். பிறகு ஞாயிற்றின் அந்தி வந்தது. பிறகு மழை கலந்து கறுத்த திங்களின் அந்தி. ஒவ்வொன்றுக்கும் ஏற்றினார், ஒவ்வொன்றையும் குளிரவைத்தார். தாமதமாய் வந்த விருந்தினரைப் பந்தியில் அமர்த்துகிறவரைப்போல, ஒன்றையும் அவசரப்படுத்தாமல், ஆறு அந்திக்கும் ஆறு முறை விளக்கு வைத்தார்.

கடைசியில் வெள்ளிக்கிழமையின் அந்தி, தன் வேளையில், மழை ஓய்ந்த தெருவிலிருந்து வந்தது. ஏழாம் முறை ஏற்றிய விளக்கை அவர் குளிரவைக்கவில்லை. அன்னத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல், மாடத்தின் கீழே வைத்தார். மூன்றாண்டுக்கு முன் அவள் கேட்டதற்கு அவர் இன்னும் விடை சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"உள்ளறை, சௌந்தரம்" என்றார்.

சுடர் அசையவில்லை. அவள் எப்போதும் அசையாமல்தான் கேட்பாள்.